சூடத்தில் செய்த பனி

என் கைக்குத் தப்பிக் குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேர்வது எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் லேசான காரியமில்லை. தேய்ந்த சிலிப்பர் போனால் கருங்கல் பாவிய ஒரு தெருவே போகிறது. தேங்காய் நார் போனால் வெயிலில் காய்ந்த புல்வெளி போகிறது. முட்டை அட்டை போனால் ஒரு மலைச்சரிவு குப்பை லாரி ஏறி எங்கள் ஊரான தெப்ராவைத் தாண்டிப் போய்விடுகிறது, நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்கிறேன்.

நான் தரை செய்கிறவள். விரல் உயரத்துக்குப் பொம்மைகள் இருக்கின்றன: போர்வீரன், சூனியக்காரி, ஒற்றைக்கண் அரக்கன், மீன் விற்கிற கிழவி. ரெசினில் வார்த்து, சாம்பல் நிறத்தில், முகமில்லாமல் வரும். பெரிய ஆட்கள், வேலைக்குப் போய் வரி கட்டுகிற ஆட்கள், மூன்று முடி உள்ள தூரிகையால் அதற்குக் கண்ணிமை வரைவார்கள். அப்படி வரைந்து முடித்த பொம்மையை வெறும் மேசையில் நிறுத்தினால், கல்யாண மண்டபத்தில் பாத்ரூமுக்கு வழி தெரியாமல் நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். அதன் காலுக்குக் கீழே ஏதாவது வேண்டும். சேறோ, கல்லோ, இடிந்த படிக்கட்டோ. ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு உலகம். அந்த ஏதாவதுதான் என் இலாகா.

ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி தீப்பெட்டி அகலத்துக்குச் சேறு பிசைந்துகொண்டிருப்பதை என் சொந்தக்காரர்கள் மெனோபாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. மரியாதையாக, பந்தியில் எனக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்து, என் காதில் விழுகிற அளவுக்குத்தான் சொன்னார்கள்.

தப்புகள் நிறைய. கோப்பிச் சக்கையைக் காயவைத்தால் அருமையான காட்டு மண். ஆனால் அதை ஓவனில் வறுக்காமல் வெயிலை நம்பினால், ஜொகூர் வெயில் நாலு மணிக்கெல்லாம் மழையாக மாறிவிடுகிற வெயில், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து, போர்வீரன் முழங்கால் வரை வெள்ளைப் பஞ்சில் நிற்பான். பழைய ஸ்பாஞ்சைப் பச்சைப் பெயிண்டில் நனைத்து பிலெண்டரில் அடித்தால் இலை, தழை, காடு. அதே பிலெண்டரில் மறுநாள் தேங்காய்ச் சட்னி. என் வீட்டுக்காரர் தோசையைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "கொத்தமல்லி கொஞ்சம் ரப்பரா இருக்கு," என்றார். இரண்டாவது தோசை முடிந்த பிறகுதான் சொன்னேன். அதிலிருந்து எனக்குத் தனி பிலெண்டர். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாம் வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் பூச்சாடி வாங்குவார்கள். நான் கடைக்காரரிடம் உடைந்தது இருக்கிறதா என்று கேட்பேன். அவர் என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் அந்தப் பரிதாபத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏற்றுவார், உடைந்த ஓடுகளோடு சேர்த்து.

வண்ணம் தீட்டுகிறவன் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. நாற்பத்து நாலு வயது. சிங்கப்பூரில் ஒரு குளிர்க்கிடங்கில் வேலை. உறைந்த கோழியும் இறாலும் கூரை முட்ட அடுக்கியிருக்கிற இடத்தில் பஞ்சு வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே ரூம். ஞாயிற்றுக்கிழமை எல்லைப் பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவான், மூக்கு நுனி உரிந்து, காதெல்லாம் வெளிறி, ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசையில் வைத்த ஆள் மாதிரி. இரண்டு டம்ளர் தேத்தண்ணி இறங்கிய பிறகுதான் பேச்சு வரும். என்னைவிட ஏழு வயது சின்னவன். என்னைவிட எழுபது வயது பொறுமைக்காரன்.

"தரைங்கிறது சட்டைக்குப் பட்டன் மாதிரி அண்ணி. இருக்கணும், தெரியக் கூடாது," என்பான்.

"பட்டன் இல்லாம சட்டை போட்டுப் பாரு தம்பி. எது தெரியும்னு பாப்போம்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் பேரங்காடியில் நடந்த போட்டிக்கு அவன் ஒரு சூனியக்காரியைத் தீட்டிக் கொடுத்தான். நான் அவளுக்கு ஒரு சதுப்புநிலம் செய்தேன். கொஞ்சம் உற்சாகமாகிவிட்டது. வேர், பாசி, தவளை, தவளையின் சொந்தக்காரர்கள். நடுவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: தரை பொம்மையைத் தின்றுவிட்டது.

அவன் அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தான். ஒரு வருஷம் வைத்திருந்தான். இந்த வருஷத்துப் பொம்மையைக் கொண்டுவந்து என் மேசையில் நிறுத்தியபோது அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"எட்டு மாசம் ஆச்சு அண்ணி இதுக்கு."

"தெரியும்."

"இந்தத் தடவையும் சொதப்பிச்சுன்னா இனிமே கருப்புக் கட்டைதான். கோவிச்சுக்கக் கூடாது."

கருப்புக் கட்டை என்றால் கடையில் கிடைக்கிற மெருகேற்றிய சதுர மரக்கட்டை. அதன்மேல் பொம்மையை ஒட்டினால் வேலை முடிந்தது. மண் இல்லை, கல் இல்லை, அண்ணி இல்லை. கடைசியில் உள்ளதை அவன் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது. தெப்ராவிலும் சரி, ஜொகூர் பாருவிலும் சரி, பாசிக்கும் பூஞ்சைக்கும் உள்ள நிற வித்தியாசத்தைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு பேச வேறு ஆள் கிடையாது. இவனும் போய்விட்டால் நான் டீவி பார்க்க வேண்டிவரும்.

பொம்மை ஒரு கிழவன். துருவப் பக்கத்து ஆள். ரோமக் கோட்டு, கையில் ஈட்டி. உறைந்த கடலில் வெட்டிய ஓட்டையைப் பார்த்துக் குனிந்து நிற்கிறான், மூச்சு வாங்கக் கடல்நாய் மேலே வரும் என்று. கன்னத்தில் குளிர் கடித்த நீலம். மீசை நுனியில் மூச்சே உறைந்துபோன வெள்ளை. குளிரோடு குடித்தனம் நடத்துகிறவனால்தான் அந்த வெள்ளையை அந்த இடத்தில் வைக்க முடியும். இரண்டு குதிகாலிலும் கொழுந்தன் மெல்லிய பித்தளைக் கம்பி இறக்கியிருந்தான், தீட்டும்போது பிடித்துக்கொள்ளவும் பிறகு தரையில் குத்தி நிறுத்தவும். நான் முகத்தைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், இவனுக்கு எவ்வளவு தரை வேண்டும் என்று அளந்தேன்.

"பனி வெள்ளை இல்ல அண்ணி. எல்லாரும் பண்ற தப்பு அதான்," என்றான். "ஃப்ரீசர் சுவத்துல பிடிக்கிறது வெறும் மாவு. பழைய ஐஸ் வேற. உள்ளுக்குள்ள பால் கலங்கின மாதிரி இருக்கும். வெளிச்சம் உள்ள போவும், போயிட்டுத் திரும்பி வராது."

"கவிதை போதும். கனம் சொல்லு."

"ஒரு பிஸ்கட் கனம்."

எனக்கும் பனிக்கும் உள்ள பழக்கம், துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங்கோடு சரி. அதையும் யாரோ ஒருத்தர் செய்து கொடுத்துத்தான் தின்றிருக்கிறேன். கல்லுப்பில் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் உப்பு வியர்த்தது. இந்த ஊரில் உப்பு மட்டுமா, சுவரே வியர்க்கும். கற்கண்டுக்குப் போனேன். கண்ணாடி போல வந்தது, நானே நாலு தடவை நக்கிப் பார்க்கிற அளவுக்கு. மறுநாள் காலையில் எறும்புகள் வரிசை கட்டி வந்து துருவப் பிரதேசத்தைப் பெயர்த்துக்கொண்டு போயின, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஒழுங்கோடு. பசையில் சோடா மாவைக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் மஞ்சளித்து, நாய் ஒன்றுக்குப் போன இடம் மாதிரி ஆனது. போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அப்புறம் இரண்டு வாரம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாமிக்குச் சூடம் காட்ட வேண்டும். வில்லைகள் தீர்ந்துபோய்த் தைப்பூசத்துக்கு வாங்கிய கட்டிச் சூடம்தான் மிச்சம். கையால் உடைத்தேன். உடைந்த முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. பால் கலங்கின மாதிரி. வெளிச்சம் உள்ளே போனது. போனது போனதுதான்.

நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். முருகன் காத்திருந்தார். வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கம், ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் ஒரே எரிச்சலில் நின்றார்கள். மணியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரும் நின்றார்.

"மணி அடிக்கவா, இல்ல நீ வேற ஏதாச்சும் முடிவுல இருக்கியா?"

"இன்னிக்கு ஊதுவத்தி மட்டும் காட்டிடுங்க."

"சாமி கோவிச்சுக்காதா?"

"வாரா வாரம் நெருப்புதானே பாக்குறாரு. ஒரு வாரம் புகையப் பாக்கட்டும்."

சூடம் காற்றில் கரைந்துபோகும் என்பது எனக்குத் தெரியாதா? நம் வீடுகளில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். அதற்கு மருந்தும் கூடவே தெரியுமே. டப்பாவுக்குள் நாலு மிளகைப் போட்டு வைக்க வேண்டும். என் அம்மா போட்டார், மாமியார் போட்டார், நானும் போடுகிறேன். மிளகு சூடத்தைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷமும் சூடத்தைக் காப்பாற்றியது டப்பாவின் மூடியாக இருக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

ஆகவே நான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன். பழைய பிளேடால் சூடத்தைப் பிஸ்கட் கனத்துக்குச் சீவினேன், விளிம்பில் வெடிப்பு விட்டேன், நடுவில் கடல்நாய்க்கு ஓட்டை போட்டேன். மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை. பூச்சு பட்டதும் சூடத்தின் மேல்தோல் லேசாக இளகி, வெயில் பட்டுக் கசிகிற பனியாக மாறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாதி சந்தோஷம், பாதி நெடி. பிறகு வெடிப்புகளில் மிளகு பதித்தேன், எண்ணிப் பதினோரு மிளகு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மிளகு ஒரு கரும்பாறை: சுருக்கம், மடிப்பு, கோடி வருஷத்துக் கோபம். அழகுக்கு அழகு, காவலுக்குக் காவல்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். மேசை முன்னால் உட்கார்ந்தான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"இதான் அண்ணி," என்றான் கடைசியில். "இதேதான்." பிறகு மூக்கை உறிஞ்சினான். "சாமி ரூம் வாசம் வருதே."

"வாசத்துக்கு மார்க் கெடையாது."

"சூடமா? கரைஞ்சிடாது?"

"மிளகு போட்டிருக்கேன்."

"ஓ," என்று தலையாட்டினான், முழுத் திருப்தியோடு. ஒரு சீனரோ மலாய்க்காரரோ அந்த இடத்தில் இருந்திருந்தால் மிளகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுத் தொலைத்திருப்பார். எங்களைக் காப்பாற்ற அப்படி ஒருத்தரும் இல்லை. கம்பிகளைச் சூடத்துக்குள் இறக்கி, அடியிலிருந்த தக்கையில் குத்தி, கிழவனைப் பனியின் மேல் நிறுத்தினோம். அவன் குனிந்து ஓட்டையைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்தோம். மூன்று பேருமே கடல்நாய்க்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனோம். பேரங்காடியின் கீழ்த்தளம். மசாஜ் நாற்காலிகளுக்கும் கைப்பேசி உறை விற்கிற தள்ளுவண்டிக்கும் நடுவில் கண்ணாடி அலமாரிகள், உள்ளே மஞ்சள் விளக்குகள். போட்டியை நடத்துகிறவர் ஒரு சீனர், பொம்மைக் கடை வைத்திருக்கிறவர். எங்கள் டப்பாவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"ஆண்டி, தைலம் பூசியிருக்கீங்களா? வயித்து வலி ஆ?" என்று மலாயில் கேட்டார்.

"ஐஸ்," என்றேன்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. வயதான பெண்களோடு வாதாடக் கூடாது என்று நன்றாக வளர்க்கப்பட்டவர். கிழவனை இரண்டாவது தட்டில் வைத்துப் பூட்டினார். அடுத்த ஞாயிறு நடுவர்கள் வரும் வரை யாருக்கும் திறக்க மாட்டேன், அதுதான் விதி என்றார். கொழுந்தன் கண்ணாடியை ஒருமுறை கைக்குட்டையால் துடைத்துவிட்டு சிங்கப்பூருக்குப் போனான்.

தெப்ராவ் தொழிற்சாலையில் லேபிள் சரிபார்க்கிற என் வேலை நாலு மணிக்கு முடியும். புதன்கிழமை கால்கள் தாமாகவே வேறு பஸ்ஸில் ஏறின. போய்ப் பார்த்தேன். பனி இளைத்திருந்தது. ஓரங்கள் உள்வாங்கி, நகப்பூச்சு பாலாடை போலச் சுருங்கி, மிளகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்தன. கிழவனின் காலுக்கும் பனிக்கும் நடுவே ஒரு நகம் நுழைகிற அளவுக்கு வெளிச்சம். விளக்குச் சூட்டில் சூடம் எழுந்திருக்கிறது, ஏர்கான் குளிரில் சில்லென்றிருந்த கண்ணாடியில் போய் ஒட்டியிருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் பூராவும் மெல்லிய வெள்ளை ஊசிகள், ஒவ்வொன்றும் இறகு இறகாக. நான் மூன்று வாரம் செய்யப் பார்த்து முடியாத உறைபனியைச் சூடம் மூன்று நாளில், கேட்காத இடத்தில், செய்து வைத்திருந்தது. கொஞ்சம் பக்கத்துப் பொம்மைக்கும் போயிருந்தது. பக்கத்தில் பாலைவனத்தில் ஒரு ராணுவ டாங்கி. அதன் பீரங்கிக் குழாயில் பனி.

கடைக்காரரிடம் ஓடினேன். "ஒரு நிமிஷம் திறந்து கொடுங்க."

"முடியாது ஆண்டி. உங்களுக்குத் திறந்தா எல்லாரும் வருவாங்க. ஒரு நிமிஷத்துல என்ன பண்ணப் போறீங்க?"

இன்னும் கொஞ்சம் மிளகு போடுவேன் என்று வாய் வரை வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது கொழுந்தனிடமிருந்து செய்தி. "போய்ப் பாத்தீங்களா அண்ணி, எப்படி இருக்கு?" நான் ரொம்ப நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நிக்கிறாரு," என்று அனுப்பினேன். பொய் இல்லை. கம்பி இருந்தது, நின்றார். ஆனால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கடைக்காரரிடம் பேசி, கெஞ்சி, வெளியே எடுத்து, ஒரு கருப்புக் கட்டையில் ஒட்டிக் காப்பாற்றியிருப்பான். அந்தக் கருப்புக் கட்டைக்குப் பயந்துதான் நான் சொல்லவில்லை. எட்டு மாச உழைப்பு ஒரு பக்கம், என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு பக்கம். நான் என் பக்கம் சாய்ந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. "சாமி முன்னாலயே அஞ்சு நிமிஷம் நிக்காது. உனக்காக எட்டு நாள் நிக்குமா?"

"அது கொளுத்தினா."

"கொளுத்தாமலே போவுதுன்னா, உன் கைராசி." துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். நான் பாத்திரம் கழுவப் போனேன். பாத்திரம் எதுவும் இல்லை.

ஞாயிறு காலையில் கொழுந்தன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நான்தான் கார் ஓட்டினேன். முதல் சமிக்ஞை விளக்கில் ஆரம்பித்தேன்.

"தம்பி, சூடம் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"இளைச்சிருக்கு."

நாலாவது விளக்கில், "எப்போ பாத்தீங்க?" என்றான். "புதன்கிழமை," என்றேன். அதற்கப்புறம் எல்லா விளக்கும் பச்சையாகவே விழுந்து தொலைத்தன. மெதுவாகப் போகக்கூட வழியில்லை.

இளைத்திருக்கவில்லை. போயே போயிருந்தது. தக்கையின் மேல் நகப்பூச்சின் தோல் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. பதினோரு மிளகும் உதிர்ந்து, யாரோ ரசத்தைக் கொட்டிவிட்டுப் போன இடம் போல இருந்தது. அதற்கு மேலே, ஒரு பிஸ்கட் உயரத்தில், இரண்டு முடி கனக் கம்பிகளில், கிழவன் அந்தரத்தில் குனிந்து நின்றான். ஓட்டையே இல்லாத இடத்தில் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு. சுற்றிலும் கண்ணாடியில் மட்டும் பனிக்காலம்.

கொழுந்தன் பார்த்தான். குரலை உயர்த்தாமல் கேட்டான்: "மிளகு போட்டீங்கதானே?"

"பதினொண்ணு போட்டேன். எண்ணிப் பாரு."

எண்ணினான். பதினொன்று இருந்தது. அந்த நேரத்தில்கூட எங்கள் இரண்டு பேருக்கும் மிளகின்மேல் சந்தேகம் வரவில்லை. பதினைந்து போட்டிருக்க வேண்டுமோ என்றுதான் தோன்றியது.

டாங்கியின் சொந்தக்காரர் ஏற்கெனவே அங்கே நின்றார், தலை நரைத்த ஒரு சீனப் பெரியவர். "நான் ரொம்ப வருஷமா டாங்கி செய்றேன்," என்றார் மலாயில், பொதுவாக அலமாரியைப் பார்த்து. "பாலைவனத்துல பனி இப்பத்தான் பாக்குறேன்." நான் அவருக்கு மன்னிப்பு சொல்லப் போனேன். "இருங்க, இருங்க, போட்டோ எடுத்துக்கிறேன்," என்றார்.

நடுவர் வந்தார். என் வயதுள்ள ஒரு சீனப் பெண், நெற்றியில் கட்டிய உருப்பெருக்கி, கையில் சின்ன டார்ச். அலமாரியைத் திறந்தார். எட்டு நாள் அடைத்து வைத்திருந்த வாசம் உருண்டு வெளியே வந்தது. மசாஜ் நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்த ஒரு ஆள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம்ம ஆள்.

"தரை எங்கே?" என்றார் நடுவர்.

நான் கண்ணாடியைக் காட்டினேன். அவர் விரலால் ஒரு கோடு இழுத்து முகர்ந்து பார்த்தார். "கோயில்ல கொளுத்துவீங்களே, அதுவா?"

"அதுதான்."

"யார் வேலை?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கொழுந்தன் சொன்னான். "என் அண்ணி செஞ்சாங்க. ஐஸ் எப்படி இருக்கணும்னு சொன்னது நான். அப்படியேதான் இருந்துச்சு. மொத நாள் நீங்க பாத்திருக்கணும்."

நடுவர் குந்தி உட்கார்ந்து டார்ச்சைக் கீழேயிருந்து மேலே அடித்தார். அடித்தபடியே இருந்தார். இன்னொரு நடுவரைக் கையால் கூப்பிட்டார். அவரும் குந்தினார். இரண்டு பேரும் கிழவனின் கோட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது, மரியாதைக்கு அது சரியில்லை, அப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்று நானும் பேரங்காடித் தரையில் மண்டி போட்டேன்.

அவர்கள் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவனின் காலணிக்கு அடிப்பக்கம் இருந்தது. அடிப்பக்கம் தோல். தோலில் தையல், ஒவ்வொரு தையலும் தூசி அளவு. வலது காலில் வேறு நிறத் தோலில் ஒரு ஒட்டு, ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டு. இடது குதிகாலில் ஓட்டை விழுந்து, அதில் காய்ந்த புல் அடைத்திருந்தது, கம்பி இறங்குகிற இடத்தைச் சுற்றிலும்கூட. நான் அந்தப் பொம்மையை வாரக்கணக்கில் கையில் வைத்திருந்தவள். கம்பியைப் பிடித்துச் சூடத்தில் இறக்கியவள். ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி சொல்லல?" என்றேன், மண்டி போட்டபடியே.

"என்னத்த சொல்றது. ஒட்டிட்டா தெரியப்போறதில்ல."

"பின்ன எதுக்கு வரைஞ்ச?"

"குளிர் மொதல்ல காலுலதான் ஏறும் அண்ணி," என்றான். "அங்க நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும்."

சீட்டு கொடுத்தார்கள். வண்ணத்துக்குப் பாராட்டு என்று ஒரு வரி, அவன் வாழ்க்கையில் முதல் முறை. அதற்குக் கீழே தரைக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நடுவர் எழுதியிருந்தார்: பார்க்கக் கிடைக்கவில்லை. டாங்கிக்காரருக்கு இரண்டாம் பரிசு. பீரங்கியிலிருந்த பனி சாயந்திரத்துக்குள் தானாகப் போய்விட்டது என்று வருத்தமாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் கொழுந்தன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "கருப்புக் கட்டைதான் அண்ணி," என்றான். கோபம் இல்லை. சூடம் போனதற்காகச் சொல்லவில்லை, புதன்கிழமைக்காகச் சொல்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. "சரி," என்றேன். அடுத்த ஞாயிறு அவனே ஒட்டினான். பளபளவென்று கருப்பு. கிழவன் குனிந்தபடியே கம்பீரமாகத்தான் இருந்தான், யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளங்கால் மறுபடி மூடிக்கொண்டது. அந்த விஷயத்தில் எனக்கும் கட்டைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

நாலு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான், அண்ணனோடு கால்பந்து பார்த்தான், சாப்பிட்டான், போனான். பொம்மைப் பேச்சை நானும் எடுக்கவில்லை. ஆளில்லாமல் மூன்று தரை செய்தேன்: ஒரு பாலத்தடி, ஒரு நெல்வயல் வரப்பு, ஒரு பஸ் நிறுத்தம். மூன்றும் அலமாரியில் இருந்தன, யாரோ வரப்போகிற வீடுகள் மாதிரி. என் வீட்டுக்காரர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவருக்கே பயமாகிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு, சோறு தின்று கை கழுவிவிட்டு, கொழுந்தன் கால்பந்துக்குப் போகாமல் என் மேசைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய ஒன்றை எடுத்தான். பிரித்தான். நிறுத்தவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, கால் என் பக்கம் இருக்கும்படி தள்ளினான்.

கூடை சுமக்கிற ஒருத்தி. முகம் எப்படி என்று நான் இன்னும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். வெறுங்கால். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் வெடிப்பு. இடது பாதத்தில் செம்மண் அப்பியிருந்தது, விரலிடுக்கில் ஈரம் காயாமல். வலது பாதத்தில் தார், புதுசாகப் போட்ட ரோட்டுத் தார், கருகருவென்று.

ரொம்ப நேரம் பார்த்தேன். அவன் அவசரப்படுத்தவில்லை.

"எங்கேருந்து தம்பி வர்றா இவ?"

"அது உங்க வேலை லா, அண்ணி," என்றான்.